பட்ஜெட் கேமிங் லேப்டாப்பில் பெட்டிதான் பாதி வேகம்

கேமிங் லேப்டாப் விமர்சனங்களில் வடிவமைப்பைத் தனியாகவும் செயல்திறனைத் தனியாகவும் எழுதுவதே வழக்கம். முதல் பகுதியில் நிறம், எடை, மூடியின் தோற்றம், விசைப்பலகையின் விளக்கு ஆகியவை இடம்பெறும். இரண்டாம் பகுதியில் எந்த விளையாட்டு விநாடிக்கு எத்தனை ஃபிரேமில், அதாவது எத்தனை படங்களாக, ஓடியது என்ற அட்டவணை வரும். 70,000 ரூபாய்க்கும் 90,000 ரூபாய்க்கும் இடைப்பட்ட லேப்டாப்புகளுக்கு இந்தப் பிரிவினை பொருந்தாது என்பது என் கருத்து. அந்த விலையில் எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே பிராசஸரையும் ஒரே கிராஃபிக்ஸ் சிப்பையும்தான் வாங்கிப் பொருத்துகின்றன. அந்தச் சிப் தன் முழுத் திறனில் ஐந்து நிமிடம் ஓடுமா, இரண்டு மணி நேரம் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது அதைச் சுற்றியிருக்கும் பெட்டி: விசிறிகளின் அளவு, வெப்பக் குழாய்களின் எண்ணிக்கை, காற்று நுழையும் வழி, வெளியேறும் வழி. ஆகவே வடிவமைப்பைப் பார்க்காமல் செயல்திறனைப் பேச முடியாது.

இதை விளக்க லெனோவோ எல்ஓகியூ 15 என்ற லேப்டாப்பை எடுத்துக்கொள்கிறேன். 2023ஆம் ஆண்டில் லெனோவோ தன் ஐடியாபேட் கேமிங் வரிசைக்குப் பதிலாகக் கொண்டுவந்த வரிசை இது. லெனோவோவின் உயர்ரகக் கேமிங் வரிசையான லீஜியனுக்கு ஒரு படி கீழே நிற்கிறது. நான் பேசப்போவது 2024இல் வந்த இன்டெல் எச்எக்ஸ் பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4050 கிராஃபிக்ஸும் கொண்ட வடிவத்தைப் பற்றி. இதே கிராஃபிக்ஸ் சிப் ஏசர், ஆசஸ், எச்பி, எம்எஸ்ஐ ஆகியவற்றின் லேப்டாப்புகளிலும் இருப்பதால், இங்கே சொல்லும் பலவற்றை அவற்றுக்கும் அளவுகோலாகப் பயன்படுத்தலாம்.

பொறியியல் கல்லூரியில் சேரவிருந்த என் அக்கா மகன் கடைகளின் விலைப்பட்டியலைக் காட்டி, "மாமா, எல்லாத்துலயும் 4050னுதானே போட்டிருக்கு, அப்ப விலை கம்மியா இருக்கறத வாங்கிட்டா போதாதா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் ஆர்டிஎக்ஸ் 4050 என்ற பெயர் சிப்பை மட்டுமே குறிக்கிறது. அதற்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்கப்படுகிறது என்பதைக் குறிப்பதில்லை. என்விடியா நிறுவனம் இந்தச் சிப்பை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் இயக்கிக்கொள்ள லேப்டாப் தயாரிப்பாளர்களை அனுமதிக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி மும்மடங்குக்கும் மேல். முன்பு குறைந்த வாட்டில் இயங்கும் வடிவங்களுக்கு மேக்ஸ்-கியூ என்ற அடையாளமாவது பெயரோடு ஒட்டியிருந்தது. 2021 முதல் அந்த அடையாளமும் பெயரிலிருந்து போய்விட்டது. இப்போது வாங்குபவர்தான் விவரக்குறிப்பின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, உதவிப் பட்டியலில் உள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்துக்குப் போனால் அந்த எண்ணைப் பார்த்துவிடலாம். விற்பனையாளர் அனுமதித்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை.

எல்ஓகியூவில் இந்தச் சிப்புக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் உச்ச அளவு 105 வாட். வாட் கூடக் கூட வேகமும் அதே விகிதத்தில் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. 45 வாட்டிலிருந்து 75 வாட்டுக்கு ஏறும்போது கிடைக்கும் பலன் பெரியது. 75இலிருந்து 105க்கு ஏறும்போது கிடைப்பது அதைவிடச் சிறியது. அதற்கு மேல் கொடுக்கும் மின்சாரத்தை 4050 போன்ற சிறிய சிப்பால் பெரும்பாலும் பயன்படுத்திக்கொள்ளவே முடிவதில்லை. ஆகவே 75 வாட் லேப்டாப்பைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. 50 வாட்டை ஒட்டி இயங்கும் மெல்லிய லேப்டாப்பை, அதன் மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் நம்பி, கேமிங் லேப்டாப் விலை கொடுத்து வாங்குவதுதான் தவறு.

இனி பெட்டிக்கு வருகிறேன். கிராஃபிக்ஸ் சிப்புக்கு 105 வாட், அதே நேரத்தில் பிராசஸருக்கு 45 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 150 வாட். நம் வீடுகளில் ஓடும் பழைய வகைச் சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் எடுக்கும். இரண்டு சீலிங் ஃபேன்களை ஓட்டும் மின்சாரம் முழுவதும், இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு பெட்டிக்குள் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் அடியிலிருந்து இழுக்கப்படும் காற்றோடு கலந்து பின்பக்கமாக வெளியேறியாக வேண்டும். எல்ஓகியூவில் திரையின் கீல், உடலின் கடைசி விளிம்பில் இல்லாமல் சற்று முன்னே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. லீஜியன் லேப்டாப்புகளிலிருந்து வந்த இந்த அமைப்பினால் திரைக்குப் பின்னால் ஒரு திண்ணை போன்ற பகுதி நீண்டுகொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு இது பழங்கால வடிவமாகத் தோன்றலாம். எனக்கு இந்த லேப்டாப்பில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். வெப்பக் காற்று திரையின் அடிப்பகுதியில் மோதித் திரும்பாமல் நேராகப் பின்னால் போகிறது. மின்னிணைப்பு, எச்டிஎம்ஐ, இணைய கேபிள் ஆகியவற்றின் துளைகளும் பின்னாலேயே இருப்பதால் மேசையின் பக்கவாட்டில் கேபிள்கள் சுற்றிக் கிடப்பதில்லை. அடிக்கடி பென்டிரைவ் செருகி எடுப்பவர்களுக்கு மட்டும் பின்பக்கத் துளைகள் கொஞ்சம் சிரமம்தான்.

உடல் முழுவதும் பிளாஸ்டிக். லூனா கிரே என்று அவர்கள் அழைக்கும் வெளிர்ச் சாம்பல் நிறம். இந்த விலையில் உலோக உடலை எதிர்பார்ப்பது சரியல்ல என்பதோடு, எதிர்பார்க்கவும் வேண்டாம் என்றே சொல்வேன். உலோக மூடிக்குச் செலவழிக்கும் பணத்தை விசிறிக்கும் வெப்பக் குழாய்க்கும் செலவழித்திருந்தால் அது வாங்குபவருக்கு நேரடி லாபம். பிளாஸ்டிக் உடலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால், உள்ளே கடும் சூடு இருக்கும்போதும் கை வைக்கும் இடம் உலோக உடலைப் போல் சுடுவதில்லை.

விமர்சனங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு குளிரூட்டும் அமைப்பு எந்த வெப்பநிலையையும் தானாக உருவாக்குவதில்லை. அறையின் வெப்பநிலைக்கு மேல் இத்தனை டிகிரி என்ற வித்தியாசத்தைத்தான் அது காக்கிறது. விசிறி ஒரே வேகத்தில் சுற்ற, சிப் ஒரே அளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருந்தால், அறை பத்து டிகிரி சூடானால் சிப்பும் ஏறக்குறைய பத்து டிகிரி சூடாகும். ஐரோப்பிய விமர்சகர் 22 டிகிரி அறையில் அளந்து 75 டிகிரி என்று எழுதினால், ஏசி இல்லாத திருச்சி வீட்டில் மே மாதப் பிற்பகலில் அறை 36 டிகிரியைத் தொடும்போது அதே சிப் 89 டிகிரிக்குப் போக வேண்டும். கிராஃபிக்ஸ் சிப் அந்த உயரத்துக்குப் போவதற்கு முன்பே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டுவிடும். அப்படியென்றால் அங்கே வந்த ஃபிரேம் எண்ணிக்கை இங்கே வராது. குளிர்நாட்டில் நன்றாக ஓடும் மெல்லிய லேப்டாப் நம் ஊரில் தடுமாறுவதற்கும், கனமான பெட்டி இங்கே கூடுதல் மதிப்புப் பெறுவதற்கும் இதுவே காரணம். கேமிங் லேப்டாப்பின் எடையைக் குறையாகவே பார்த்துப் பழகியவர்கள், நம் தட்பவெப்பத்தில் அந்த எடையில் ஒரு பகுதி செம்பும் அலுமினியமும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதனால்தான் நான் எந்த லேப்டாப்பையும் முதல் பத்து நிமிட ஓட்டத்தை வைத்து மதிப்பிடுவதில்லை. தொடக்கத்தில் உலோகப் பகுதிகள் குளிர்ந்திருக்கும். எந்த லேப்டாப்பும் அப்போது நன்றாகவே ஓடும். அரை மணி நேரம் கழித்து, எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவசச் செயலியில் கிராஃபிக்ஸ் சிப் எடுக்கும் வாட் எவ்வளவு, அதன் கடிகார வேகம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் இருந்த எண்ணும் அரை மணி நேரத்துக்குப் பின் இருக்கும் எண்ணும் நெருக்கமாக இருந்தால் அது நல்ல பெட்டி. எல்ஓகியூ இந்தச் சோதனையில் தேறும் வகையைச் சேர்ந்தது. அதற்கான விலையை நாம் சத்தமாகக் கொடுக்கிறோம். எஃப்என் விசையோடு கியூவை அழுத்தினால் அமைதி, சமநிலை, முழுத் திறன் என்ற மூன்று நிலைகளுக்கிடையே மாறலாம். பவர் பொத்தானின் விளக்கு நீலம், வெள்ளை, சிவப்பு என்று மாறி எந்த நிலை என்பதைக் காட்டும். சிவப்பு நிலையில் விசிறிகளின் இரைச்சல் அறை முழுவதும் கேட்கும். விடுதி அறையில் பக்கத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருந்தால் சமநிலையில் விளையாடுவதே மரியாதை. ஃபிரேம் எண்ணிக்கையில் ஏற்படும் இழப்பும் பெரும்பாலான விளையாட்டுகளில் தாங்கிக்கொள்ளக்கூடியதுதான்.

விளையாட்டுகளில் இது எப்படி ஓடுகிறது? 1080பி தெளிவில், வாலரன்ட், கவுன்ட்டர்-ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளை, விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஈடுகொடுத்து ஓட்டுவதில் சிரமமில்லை. ஜிடிஏ 5 போன்ற பழைய பெரிய விளையாட்டுகள் உயர்ந்த அமைப்பிலும் தாராளமாக ஓடும். சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டுகளில்தான் உண்மையான எல்லை தெரியும்: ஒளியையும் நிழலையும் உண்மைபோலக் கணக்கிடும் ரே டிரேசிங்கை அணைத்துவிட்டு, அமைப்பை உயர் நிலையில் வைத்து, குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ்ஸைத் தரத்துக்கு முன்னுரிமை தரும் நிலையில் போட்டால் 60 ஃபிரேமுக்கு மேல் நிம்மதியாக விளையாடலாம். 40 வரிசைச் சிப்புகளுக்கு வாய்த்த ஃபிரேம் ஜெனரேஷன் வசதியைப் போட்டால் எண்ணிக்கை இன்னும் உயரும். ஆனால் அதை நான் ஃபிரேம் கணக்கில் சேர்ப்பதில்லை. இடையில் செருகப்படும் அந்தப் ஃபிரேம்கள் காட்சியை வழவழப்பாக்குமே தவிர, விசையை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைப்பதில்லை. சற்றுக் கூட்டவே செய்கின்றன. 30 ஃபிரேமில் தள்ளாடும் விளையாட்டை அது காப்பாற்றாது. 60இல் ஏற்கெனவே நன்றாக ஓடுவதை இனிமையாக்கும்.

சராசரி எண்ணைவிட நான் கவனிப்பது மிக மோசமான ஒரு விழுக்காட்டுப் ஃபிரேம்களை. 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லி விநாடி. பெரும்பாலான ஃபிரேம்கள் 12 மில்லி விநாடியில் வந்து, இடையிடையே ஒன்று 60 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் சராசரி அழகாகவே இருக்கும். கண்ணுக்கோ ஒவ்வொரு முறையும் ஒரு திக்கல் தெரியும். இந்த லேப்டாப்பில் அந்தத் திக்கலுக்கு இரண்டு காரணங்கள் வரலாம், இரண்டும் நினைவகம் தொடர்பானவை.

முதலாவது, கிராஃபிக்ஸ் நினைவகம். ஆர்டிஎக்ஸ் 4050க்கு 6 ஜிபிதான் இருக்கிறது. அதை எந்த வகையிலும் கூட்ட முடியாது. 2023இல் கணினிக்கு வந்த ஹாக்வர்ட்ஸ் லெகசி, தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் போன்ற விளையாட்டுகள் உயர்ந்த டெக்ஸ்ச்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அமைப்பில் இந்த அளவைத் தாண்டிப்போகின்றன. தாண்டும்போது தேவையான படங்களைப் பிரதான ரேமிலிருந்து இழுத்துவர வேண்டியிருக்கிறது. அந்தப் பாதை மிகவும் மெதுவானது. தீர்வு எளிது: டெக்ஸ்ச்சரை மட்டும் ஒரு படி குறைத்தால் போதும், மற்ற அமைப்புகளைத் தொட வேண்டாம். ரே டிரேசிங்கும் ஃபிரேம் ஜெனரேஷனும் தம் பங்குக்கு இந்த நினைவகத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பதால், காகிதத்தில் இருக்கும் எல்லா வசதிகளையும் ஒரே நேரத்தில் இந்தச் சிப்பில் போட முடியாது.

இரண்டாவது, ரேம். இந்த வகை லேப்டாப்புகளைப் பல நேரங்களில் ஒற்றை ரேம் துண்டோடு விற்கிறார்கள். இரண்டு இடங்களில் ஒன்று காலியாக இருந்தால், பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதையில் பாதி மூடிக் கிடக்கிறது என்று பொருள். சராசரி ஃபிரேமில் இதன் பாதிப்பு அதிகம் தெரியாது. மோசமான ஃபிரேம்களில் தெரியும். எல்ஓகியூ 15இல் டிடிஆர்5 ரேமுக்கு இரண்டு இடங்கள் உள்ளன, எதுவும் பலகையோடு பற்றவைக்கப்படவில்லை. எஸ்எஸ்டிக்கும் இரண்டு இடங்கள். வாங்கிய பிறகு சில மாதம் சேமித்து அதே அளவுள்ள இன்னொரு துண்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது மாணவர்களுக்கு மிகப்பெரிய வசதி. ரேம் பற்றவைக்கப்பட்ட லேப்டாப்பை இந்த விலையில் கேமிங்குக்காக யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

பிராசஸர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இந்த லேப்டாப்பில் வரும் ஐ5-12450எச்எக்ஸில் நான்கு பெரிய கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) நான்கு சிறிய கோர்களும் இருக்கின்றன. ஐ5-13450எச்எக்ஸில் பெரிய கோர்கள் ஆறு. வீடியோ எடிட்டிங், புரோகிராமிங் எல்லாம் செய்பவர் இரண்டாவதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். விளையாட்டுக்கு மட்டுமென்றால் 4050தான் முதலில் மூச்சுத் திணறும்; முதலாவதே போதும். ஏஎம்டி பிராசஸர் உள்ள லேப்டாப்புகளைப் பார்ப்பவர்கள் 2023 பெயரிடும் முறையில் மூன்றாவது இலக்கத்தைக் கவனிக்க வேண்டும். 7535எச்எஸ், 7735எச்எஸ் ஆகியவற்றில் வரும் 3 முந்தைய தலைமுறைக் கோர்களைக் குறிக்கிறது. 7640எச்எஸ்ஸில் வரும் 4தான் ஜென் 4 என்ற அடுத்த தலைமுறைக் கோர். இதைப் போலவே கிராஃபிக்ஸில் ஆர்டிஎக்ஸ் 2050 என்ற பெயரையும் கவனமாகப் பார்க்க வேண்டும். 4 ஜிபி நினைவகமும் அதற்குக் குறுகிய 64 பிட் பாதையும் மட்டுமே கொண்ட அந்தச் சிப், அடிப்படைப் போட்டி விளையாட்டுகளுக்கு மேல் செல்லாது.

திரையைப் பொறுத்தவரை மாதிரி எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். எல்ஓகியூ வரிசையில், கணினித் திரைகளுக்கான வழக்கமான நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபியில் 100 விழுக்காடு நிறப்பரப்பு கொண்ட திரையும் வருகிறது, பழைய தொலைக்காட்சி அளவுகோலான என்டிஎஸ்சியில் 45 விழுக்காடு என்று குறிக்கப்படும் திரையும் வருகிறது. 72 விழுக்காடு என்டிஎஸ்சி என்பதைத்தான் முழு எஸ்ஆர்ஜிபிக்கு ஈடாகக் கொள்வார்கள்; ஆகவே 45 என்பது ஏறக்குறைய 62 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி. அந்தத் திரையில் குங்குமச் சிவப்பு வெளுத்த செங்கல் நிறமாகத்தான் தெரியும். 144 ஹெர்ட்ஸ் என்ற எண் இரண்டு திரைகளுக்கும் ஒன்றே என்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஒரே கடையில் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் இரண்டும் கிடைத்தால் நல்ல திரையையே எடுக்க வேண்டும். ரேமை மாற்றலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம், நான்கு ஆண்டு தினமும் பார்க்கப்போகும் திரையை எளிதில் மாற்ற முடியாது.

பேட்டரி 60 வாட்-மணி. மேலே சொன்ன 150 வாட்டால் வகுத்தால் 24 நிமிடம். அதனால்தான் சார்ஜரைக் கழற்றியவுடன் எந்தக் கேமிங் லேப்டாப்பும் கிராஃபிக்ஸ் சிப்பின் மின்சாரத்தைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. மின்தடை நேரத்தில் விளையாடுவது நடக்காது. வகுப்பில் குறிப்பு எடுக்கவும் உலாவவும் சில மணி நேரம் தாங்கும், அதுவும் கிராஃபிக்ஸ் சிப் உறங்கும் ஹைபிரிட் நிலையில் இருந்தால் மட்டும். விளையாடும்போது லெனோவோ வான்டேஜ் செயலியில் ஹைபிரிட்டை அணைத்து நேரடி நிலைக்கு மாறினால், படம் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றி வராமல் நேராகத் திரைக்குப் போகும். மாற்றத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் தேவைப்படலாம். பெரும்பாலும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள் அதே செயலியில் பேட்டரியை முழுமையாக நிரம்பவிடாமல் நிறுத்தும் வசதியைப் போட்டுவைப்பது நல்லது. லேப்டாப் ஏறக்குறைய 2.4 கிலோ, அடாப்டரும் சேர்ந்தால் தோளில் தொங்குவது மூன்று கிலோ. தினமும் பேருந்தில் நின்றுகொண்டு கல்லூரிக்குப் போகும் மாணவர் இந்த எடையைத் தூக்கிப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

விசைப்பலகை நன்றாக இருக்கிறது. எண் விசைகளும் உண்டு. ஒலிபெருக்கி சுமார்தான்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை இரண்டு. காற்று அடியிலிருந்துதான் உள்ளே போகிறது என்பதால் மெத்தை மீதோ மடியில் போர்வை மீதோ வைத்து விளையாடக் கூடாது. பின்பக்கத்தை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்தினாலே வெப்பநிலையில் வித்தியாசம் தெரியும், அதற்கு விலையுயர்ந்த கூலிங் பேட் எதுவும் தேவையில்லை. நம் ஊர்த் தூசி விசிறியின் ஓரங்களிலும் வெப்பத் தகடுகளின் இடைவெளியிலும் படிந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அடி மூடியைத் திறந்து, விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். திறப்பதற்கு முன் உத்தரவாத விதிகளைச் சேவை மையத்தில் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

2025இல் ஆர்டிஎக்ஸ் 5050 லேப்டாப்புகள் வரத் தொடங்கியதிலிருந்து இந்தக் கணக்கில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. கோர்களின் எண்ணிக்கை இரண்டிலும் 2,560 என்றாலும், 5050இல் 8 ஜிபி ஜிடிடிஆர்7 நினைவகம் இருக்கிறது. மேலே சொன்ன முதல் திக்கலுக்கு அது நேரடி மருந்து. விலை வித்தியாசம் ஐயாயிரம் ரூபாய்க்குள் இருந்து, வாட்டும் திரையும் சமமாக இருந்தால் நான் 5050ஐயே எடுப்பேன். அதைவிட அதிகமென்றால், 105 வாட் 4050ஐ நல்ல திரையோடு வாங்கி, மீதிப் பணத்தில் இரண்டாவது ரேம் துண்டைப் போட்டுக்கொள்வேன்.